அதிராத இடம்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் இசைத்தட்டும் சுவரும்

இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் முள்ளுக்குப் பாட்டு எது, காலடி எது என்று பிரித்தறியும் ஆற்றல் கிடையாது. தட்டின் மேல் சுருள்வட்டமாக ஓடும் நுண்ணிய பள்ளத்தின் கரைகளில் உள்ள நெளிவுகள் முள்ளை அசைக்க, அந்த அசைவு முள் பொருந்தியிருக்கும் தலைப்பகுதிக்குள் மின்னோட்டமாக மாறி ஒலிபெருக்கியைச் சென்றடைகிறது. உரத்த இசையில்கூட அந்த நெளிவின் அளவு ஏறத்தாழ 50 மைக்ரானோடு நின்றுவிடும்; மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு; தலைமயிர் ஒன்றின் தடிமனைவிடக் குறைந்த இடத்துக்குள் ஒரு தவிலின் அடி முழுவதும் அடங்கிவிடுகிறது. மெல்லிய ஒலிகளில் இந்த நெளிவு ஒரு மைக்ரானுக்கும் கீழே இறங்குகிறது. இத்தனை சிறிய அசைவைப் படிக்கும் கருவி ஒரு மேசைமேல் இருக்க, அந்த மேசை தரையோடு சேர்ந்து அசையுமானால், முள் அந்த அசைவையும் பாட்டின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துப் பதிவதும், இசைக்கும்போது அவற்றை மீண்டும் உயர்த்துவதும் 1950களின் நடுப்பகுதியிலிருந்து உலகெங்கும் பொதுவிதியாக உள்ளன. இதன்படி நொடிக்கு 20 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலி, 1,000 அதிர்வுள்ள நடு ஒலியைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்பது மடங்கு பெருக்கப்படுகிறது. ஆகையால் தரையின் முனகலும் அதே அளவில் பெருகியே ஒலிக்கிறது.

இதற்கு மேல்நாட்டு இசைத்தட்டு ஆர்வலர் கண்ட தீர்வுகளுள் புகழ்பெற்றது, சுழல்தட்டுக் கருவியைத் தரையில் நிற்கும் மேசையிலிருந்து எடுத்துச் சுவரில் பொருத்திய தாங்குபலகையின்மேல் வைப்பதாகும். அந்தத் தீர்வு எந்த மண்ணில் பிறந்தது என்பதை அறியாமல் அதன் மதிப்பை எடைபோட இயலாது. பிரிட்டனின் பழைய வீடுகளில் தரைத்தளமே பெரும்பாலும் மரத்தாலானது. சுவருக்குச் சுவர் உத்திரங்களைக் கிடத்தி, அவற்றின்மேல் பலகை அடித்து, கீழே காற்றோட்டத்துக்கு வெற்றிடம் விட்டிருப்பார்கள். அத்தகைய தளத்தில் ஒருவர் நடந்தாலே பலகை வில்போல வளைந்து நிமிரும். 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த சுழல்தட்டுக் கருவியில், தட்டும் முள்ளைத் தாங்கும் கையும் ஒரே சட்டத்தில் அமைந்து, அந்தச் சட்டம் மூன்று சுருள்வில்களில் தொங்கியது. 1970களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் உருவான லின் சோண்டெக் என்ற கருவியும் அந்த முறையையே பின்பற்றியது. இவ்வகை வில்தொங்கல் நொடிக்கு மூன்று முதல் ஐந்து முறை ஆடும் இயல்புடையது. காலடியின் தாளமும் அதை ஒட்டியே வருவதால், மரத்தளத்தில் நடப்பவரின் ஒவ்வோர் அடிக்கும் தொங்கல் ஊஞ்சலாக ஆடி முள்ளைத் துள்ளச் செய்தது. கனமான செங்கற்சுவரோ காலடிக்கு அசைவதில்லை. எனவேதான் சுவர்ப்பலகை அங்கே ஒரு கைவைத்தியமாகத் தொடங்கி, கருவி செய்யும் நிறுவனங்களே விற்கும் பொருளாகவும் ஆயிற்று.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் தரை இதற்கு நேர்மாறானது. 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியாக இருந்து, அவ்வாண்டு பெரம்பலூர் மாவட்டமாகப் பிரிந்து, 2001இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் நிலையாகப் பிரிந்த இந்நிலப்பரப்பு, மேற்கே பச்சைமலையின் கடும்பாறையும், நடுவே கரிசல் மண்ணும், கிழக்கே சுண்ணாம்புக்கல் அடுக்குகளும் கொண்டது. இங்குள்ள பழைய வீட்டின் தரை எதுவாயினும், சாணம் மெழுகிய மண்தரையோ, சுண்ணாம்புக் காரை இட்ட தரையோ, பின்னாளில் வந்த சிமெண்டுத் தரையோ, அது பூமியின்மேலேயே கிடந்தது. மண்ணைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, கட்டையால் இடித்து இறுக்கிய மேட்டின்மேல் போடப்பட்டது. அதன்மேல் ஓர் ஆள் நடந்தாலும் நெல்மூட்டையை இறக்கினாலும் அதிர்வு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் அடங்கிவிடும். இசைத்தட்டுக் கருவியை ஆடாத இடத்தில் வைக்க விரும்பிய ஒருவருக்கு, இவ்வட்டாரத்தில் மிகச்சிறந்த இடம் அவர் நின்றுகொண்டிருந்த தரையே. மேல்நாட்டு அறிவுரையை அப்படியே எடுத்து இங்கே பொருத்துவோர் மறந்துவிடும் முதல் உண்மை இது.

கருவி வருவதற்கு முன் இந்நிலத்தில் இசை எங்கே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அரியலூரும் உடையார்பாளையமும் பழைய பாளையப்பட்டுகள், பின்பு சமீன்கள். உடையார்பாளையத்தை அண்டி வாழ்ந்த கனம் கிருஷ்ணையர், குரலின் அடித்தளத்திலிருந்து எழும் கனமார்க்கம் என்ற அரிய பாடுமுறையில் தேர்ந்தவர். கனம் என்ற அந்தப் பட்டமே அவர் பெயரின் முன்னொட்டாக நிலைத்தது. அவரிடம் இசை பயின்ற உறவினர் வேங்கடசுப்பையரின் மகனே உ.வே. சாமிநாதையர். அரியலூரிலும் குன்னத்திலும் பெரம்பலூரை அடுத்த செங்கணத்திலும் கழிந்த தம் இளமைக்காலத்தை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். ஓர் ஊரில் தந்தையார் இராமாயண விரிவுரை நிகழ்த்திப் பாட, ஊரார் நெல்லும் பணமும் தந்து குடும்பத்தைத் தாங்கிய செய்திகள் அதில் உள்ளன. இசை கேட்பதென்றால் பாடுபவர் வந்திருக்க வேண்டும், அவருக்கு இடமும் உணவும் ஊர் தரவேண்டும் என்ற நிலையில், பாட்டுக்குரிய இடம் திண்ணையாகவோ கோயில் மண்டபமாகவோ அரண்மனைக் கூடமாகவோ இருந்தது. பாடுபவர் தரையில் அமர்ந்தார். கேட்பவரும் தரையிலேயே அமர்ந்தனர்.

இந்நாட்டில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு தொடங்கியது 1902இல். கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரின் குரல்களைப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்ற தென்னாட்டுப் பாடகியரும் தட்டில் பாடினர். தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாகிக் கப்பலில் வந்த தட்டுகள், 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை திறந்த பிறகு இங்கேயே அச்சாயின. தட்டின் மூலப்பொருளான அரக்கு, பெரும்பகுதி இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரப்பது. ஆகவே உலகின் பாடகர்களில் பெரும்பாலோர் சில பத்தாண்டுகள் இந்திய அரக்கின்மேல்தான் பாடினர் என்பது மிகையாகாது. ஆயினும் ஒரு தட்டின் எடையில் அரக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. எஞ்சியது பலகைக்கல், சுண்ணாம்புக்கல் போன்றவற்றின் தூளும் கரியும் பஞ்சுத்துகளும். கல்தூளைச் சேர்த்தது செலவைக் குறைக்க மட்டுமன்று: எஃகு முள் ஓடத் தொடங்கிய சில நொடிகளில், தட்டே அரம்போல அதைத் தேய்த்துத் தன் பள்ளத்தின் வடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதும் நோக்கம். இதனாலேயே ஒரு பக்கம் முடிந்ததும் முள்ளை மாற்ற வேண்டியிருந்தது. கடல் பின்வாங்கிய இவ்வட்டாரத்தின் படிவு அடுக்குகளில், காரை, குளக்கல்நத்தம் ஓடைகளில், பல கோடி ஆண்டுப் பழமையுள்ள அம்மோனைட் என்னும் நத்தைவடிவக் கடலுயிரின் சுருள் பதிந்த கற்களை எடுத்துப் பார்த்த எவருக்கும், கல்லில் சுருள்வரியாகப் பதிந்த நினைவு என்ற எண்ணம் இசைத்தட்டைத் தொடும்போது வராமல் இராது.

முதல் தலைமுறைக் கிராமபோன் மின்சாரம் அறியாதது. கைப்பிடியைச் சுற்றி முறுக்கேற்றிய சுருள்வில் தட்டை நிமிடத்துக்கு 78 முறை சுழற்ற, முள்ளின் அசைவு மைக்கா அல்லது உலோகத் தகடு ஒன்றை அசைத்து, அந்த ஒலி புனல் வழியாக வெளிவந்தது. முள்ளின்மேல் அழுந்திய எடை நூறு கிராமுக்கும் மேற்பட்டது. இன்றைய கருவிகளில் அது ஒன்றரை முதல் இரண்டு கிராம். நூறு கிராம் எடையோடு பள்ளத்தைப் பற்றிய முள்ளைக் காலடி அசைக்காது. அசைத்தாலும் பெருக்கிக் காட்ட மின்கருவி இல்லை. ஆகையால் 1950கள் வரை, கருவியை எங்கே வைப்பது என்ற கேள்வி அதிர்வைப் பற்றியதாக இருக்கவில்லை. மட்டத்தைப் பற்றியதாகவும் எதிரொலியைப் பற்றியதாகவும் இருந்தது. பெட்டி சாய்ந்திருந்தால் முள் சரிவை நோக்கி வழுக்கியது. புனலின் வாய் அறையின் மூலையை நோக்கி இருந்தால் இரு சுவர்களும் சேர்ந்து அந்தப் புனலின் நீட்சிபோல நின்று ஒலியைத் திரட்டின. சுவர் இசைத்தட்டுக்குச் செய்த முதல் உதவி இதுதான். அது பலகையைத் தாங்கியதன்று, ஒலியைத் திருப்பி அனுப்பியது.

நாடகப் பாட்டுகளே கிராமபோனைச் சிற்றூர்களுக்கு இழுத்துவந்தன. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் பாடியவை 1920களின் பிற்பகுதியில் தட்டுகளாகப் பரவின. நாடகம் ஒன்றையே பல தட்டுகளில் தொடராக விற்கும் வழக்கமும் வந்தது. 1930களின் தொடக்கத்தில் ஏ.வி. மெய்யப்பன் நண்பர்களோடு சென்னையில் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளை வெளியிட்டுப் பெருவணிகமாக்கியது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டு, மேளக்காரர் வர இயலாத ஊர்களிலும் நாகசுவரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது; நாகசுவரம் போன்ற வெளியரங்க வாத்தியம், பெட்டிக்குள் அடங்கி வீட்டுக் கூடத்தில் ஒலிக்க வந்தது, கேட்கும் வழக்கத்தில் நேர்ந்த பெரிய திருப்பமாகும். தட்டுகள் வந்துசேர்ந்த வழியிலும் வேறுபாடு இருந்தது: அரியலூர், விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட குறுக்குவழி இரயில் பாதையில் உள்ள ஊர். பெரம்பலூருக்கோ இன்றுவரை இரயில் இல்லை. கைதவறி விழுந்தால் ஓடுபோல உடைந்துவிடும் அரக்குத் தட்டுகள் பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களுக்குப் பேருந்திலும் மாட்டுவண்டியிலும்தான் போயாக வேண்டியிருந்தது. சித்திரை வைகாசி வெயில் வேறு அவற்றை நெளித்துவிடும். அரக்கு இளகும் பொருள் என்பதால், தட்டுகளை மேற்குச் சுவரை ஒட்டி அடுக்கிவைக்கக் கூடாது என்பதைத் தட்டு வைத்திருந்தவர்கள் ஓரிரு கோடையிலேயே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இவ்வட்டாரத்து மக்களில் பெரும்பாலோர் இசைத்தட்டைச் சந்தித்தது எவருடைய வீட்டுக் கூடத்திலும் அன்று. மைக் செட்டின் வழியாகவே. சவுண்ட் சர்வீஸ், ஒலி ஒளி அமைப்பு என்று பலகையில் எழுதப்பட்டாலும், ஊரார் வாயில் அது ரேடியோ செட். அதை இயக்குபவர் ரேடியோக்காரர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருமணம், சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் போன்ற அம்மன்களின் திருவிழா, கட்சிக் கூட்டம் என எது நடந்தாலும், முந்தின நாள் மாலையே புளியமரத்திலோ நட்ட கம்பத்திலோ கூம்பு வடிவக் குழாய்கள் ஏறிவிடும். சிற்றூர்களுக்கு மின்சாரம் பெருமளவில் வந்துசேர்ந்தது 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும்தான். அதற்கு முன்பு கார் பேட்டரியே துணை. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டுகள், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், பிறகு திரைப்பாட்டு என்ற வரிசை ஏறத்தாழ எழுதாத சட்டமாக இருந்தது. 1965இல் வந்த திருவிளையாடல் போன்ற படங்களின் கதைவசனத் தட்டுகள் இரவு முழுதும் ஓடின. மற்ற நாடுகளில் 78 சுழற்சித் தட்டு 1960ஐ ஒட்டி நின்றுபோன பின்னும் இந்தியாவில் 1960களின் பிற்பகுதிவரை அச்சாகிவந்ததற்கு, கையில் இருந்த பழைய கருவிகளை விட்டுவிடாத இத்தகைய சிற்றூர்க் கேட்போரும் ஒரு காரணம்.

முள்ளின் சிக்கல் தலைகாட்டுவதற்கு உரிய இடம் மைக் செட்டே. முள்ளின் அசைவு மின்னோட்டமாகி, ஆம்ப்ளிஃபயர் எனப்படும் பெருக்கியில் பலமடங்காகி, குழாயில் வெளிவந்து, அந்த ஒலியே காற்றின் வழியாகத் திரும்பிவந்து தட்டை அசைத்தால், பெருக்கியது மீண்டும் பெருகி ஓயாத உறுமலாகிவிடும். பின்னூட்டம் என்று இதற்குப் பெயர். மைக்கின் எதிரே குழாய் இருந்தால் எழும் ஊளையும் இதே வகையைச் சேர்ந்ததே. ஆனால் குழாய் ஒலிபெருக்கியின் உடலமைப்பு, நடு ஒலிகளையே தூரத்துக்கு எறியும்; தாழ்ந்த ஒலிகளை அது ஏறத்தாழ விட்டுவிடும். முள்ளை ஆட்டுவதோ தாழ்ந்த ஒலியே. காதைக் கிழிப்பது என்று பலரும் குறைகூறிய அந்தக் குழாயின் குறைபாடுதான், பந்தல் ஓரத்துப் பெஞ்சின்மேல் இருந்த இசைத்தட்டுக் கருவியைப் பின்னூட்டத்திலிருந்து காத்தது. மரத்தின் உச்சியில், ஊருக்கு வெளியே நோக்கி, கருவிக்கு முதுகு காட்டிக் கட்டப்பட்டதும் அந்தக் காப்புக்குத் துணைநின்றது. கருவியின் கீழே மண். முள்ளின்மேல் பல கிராம் எடை. தாழ்ந்த ஒலி இல்லாத குழாய்: இம்மூன்றும் சேர்ந்த நிலையில் ரேடியோக்காரருக்குச் சுவர் தேவைப்படவில்லை. அவருடைய கவலை, பெஞ்சைச் சுற்றி மொய்க்கும் பிள்ளைகளின் முழங்கை இடித்து முள் துள்ளுவதுதான். தாழ்ந்த ஒலியை முழங்கும் பெரிய பெட்டி ஒலிபெருக்கிகள் திருவிழாவுக்கு வந்துசேர்ந்த காலத்தில் தட்டு போய் கேசட் வந்திருந்தது. கேசட் நாடாவுக்கு முள் இல்லை.

சுவரில் பலகை அடிக்கும் வழக்கம் இவ்வட்டாரத்து வீடுகளுக்கு வந்தது இசைத்தட்டால் அன்று, வானொலியால். திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. பெரம்பலூரும் அரியலூரும் அதன் அருகிலேயே அமைந்த கேட்புப் பரப்பு. தனி வானொலிப்பெட்டி வாங்க இயலாதோருக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. மாலையில் திடலில் அமர்ந்து செய்தியும் உழவர் நிகழ்ச்சியும் பாட்டும் கேட்பது ஊரின் பொதுவழக்கமாயிற்று. வீட்டுக்கு வானொலி வந்தபோது அதற்கென்று கூடத்துச் சுவரில், ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, மரத்தாங்கி அடித்து, பூவேலை செய்த துணி விரித்து, ரேடியோ ஸ்டாண்டு அமைத்தனர். குழந்தைகளின் கைக்கு எட்டாமை, எலி ஏறாமை, கழுவும் தண்ணீர் படாமை, வருவோர் கண்ணில் படும் பெருமை ஆகியவையே அந்த உயரத்துக்குக் காரணங்கள். வானொலிக்கு அதிர்வு ஒரு பொருட்டே அன்று. ஆயினும் பின்னர் இசைத்தட்டுக் கருவி வீட்டுக்கு வந்தபோது, ஏறி உட்காரச் சுவரில் ஓரிடம் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. ஒரு நோக்கத்துக்காக எழுந்த பலகை வேறொரு நோக்கத்துக்கு உதவுவது வீட்டுப் பொருள்களின் வரலாற்றில் அடிக்கடி காணப்படுவதே.

1960களிலும் 1970களிலும் எச்.எம்.வி. நிறுவனத்தின் ஃபியஸ்டா போன்ற, மூடியைத் திறந்து இசைக்கும் சிறு கருவிகள் நடுத்தரக் குடும்பங்களை அடைந்தன. அவை இசைத்தவை வினைல் என்னும் செயற்கைப் பொருளாலான 45, 33⅓ சுழற்சித் தட்டுகள். 33⅓ சுழற்சி நெடுந்தட்டு 1948இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது, அதன் பள்ளம் பழைய தட்டின் பள்ளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அகலம் கொண்டிருந்தது; 1957, 58இல் வந்த ஸ்டீரியோ முறையில் பள்ளத்தின் இரு கரைகளும் இரு வேறு ஒலிகளைத் தாங்க, முள் பக்கவாட்டில் மட்டுமன்றி மேலும் கீழும் அசையத் தொடங்கியது. கீழிருந்து வரும் தரையதிர்வை அதுவரை பெருமளவு புறக்கணித்த முள் இப்போது அதற்கும் செவிகொடுத்தது. நுண்மை கூடியதற்கு முள் கொடுத்த விலை இது. ஆனால் சிறு கருவிகளின் ஒலிபெருக்கியும் சிறிதே. தாழ்ந்த ஒலியை எழுப்பும் வலிமை அவற்றுக்கு இல்லை. அதனால் ரேடியோ ஸ்டாண்டின்மேல் இடம் போதாமல் பெட்டியின் முன்விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் பாட்டு கெடாமல் ஒலித்தது. 1976இல் அன்னக்கிளி படத்தின் பாட்டுகளைத் தமிழகம் முழுவதும் கேட்டது பெரும்பாலும் இத்தகைய கருவிகளிலும் மைக் செட்டுகளிலும் வானொலியிலுமே.

பழைய வீட்டுச் சுவர்களின் தன்மையை இங்கே சற்று நின்று பார்க்கலாம். நாட்டு ஓடு வேய்ந்த வீட்டின் மண்சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாத கனம் உடையது. விளக்கு வைக்கும் மாடக்குழி அதன் கனத்துக்குள்ளேயே குடையப்பட்டது. அது சுவரில் மாட்டிய பொருளன்று, சுவரின் உடல். அதிர்வைப் பொறுத்தவரை இதைவிட உறுதியான இருக்கை அமைக்க முடியாது. எனினும் மாடக்குழியின் ஆழம் ஒரு சாணை ஒட்டியது. இசைத்தட்டுக் கருவிக்கோ ஏறத்தாழ ஒரு முழ அகலமும் அதைவிடச் சற்றுக் குறைந்த ஆழமும் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பியது கடப்பாக்கல். ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் தகடு தகடாகப் பெயரும் கருநிறச் சுண்ணாம்புக்கல்லான அது, செங்கல் வீடுகள் பெருகிய காலத்தில் தமிழ்நாட்டுச் சமையலறைக்கும் அலமாரிக்கும் நிலையான பலகையாயிற்று. சுவர் கட்டும்போதே அதன் மூன்று விளிம்புகளைச் செங்கலுக்குள் புதைத்துவிடுவர். ஆணியோ தாங்கியோ இல்லை, கரையான் அரிக்காது, கனமும் விறைப்பும் உடையது. மேல்நாட்டார் தனியே விலைகொடுத்து வாங்கிப் பொருத்தும் சுவர்ப்பலகையின் எல்லா நற்பண்புகளும், இங்கே அரிசி டப்பாவும் பாடப்புத்தகமும் அடுக்கும் அலமாரித் தட்டில், யாரும் இசைக்கென்று கருதாமலேயே அமைந்திருந்தன. தட்டினால் மணிபோலச் சிறிது ஒலிக்கும் இயல்பு மட்டும் அக்கல்லின் குறை. கருவியின் காலடியில் இரப்பர் துண்டோ மடித்த கம்பளியோ வைத்தால் அது அடங்கிவிடும்.

சுவர்ப்பலகை இவ்வட்டாரத்துக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது வீடுகள் மாடியேறிய பிறகுதான். அதற்கு வழிவகுத்ததும் இவ்வட்டாரத்து மண்ணே. அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி எழுந்த சிமெண்டு ஆலைகள், 1979இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு அரசு சிமெண்டு ஆலை உட்பட, இப்பகுதியைத் தமிழகத்தின் முதன்மையான சிமெண்டு நிலமாக மாற்றின. ஓட்டுக்கூரைகள் கான்கிரீட்டாயின, கான்கிரீட்டின்மேல் இன்னொரு தளம் எழுந்தது. மேல்மாடியின் தரை பூமியின்மேல் கிடப்பதன்று. சுவருக்குச் சுவர் பாலம்போல நிற்பது. அறையின் நடுவில் அது மிகுதியாகவும், சுவர் ஓரத்தில் மிகக் குறைவாகவும் வளையும். லண்டன் வீட்டு மரத்தளத்தைவிடப் பலமடங்கு விறைப்பானதே எனினும், முன்பு மண்தரை விழுங்கிய காலடியை இது விழுங்குவதில்லை. அதே காலத்தில் ஒலிபெருக்கிகளும் மாறிவிட்டன. தாழ்ந்த ஒலிக்கென்றே சப்வூஃபர் என்ற தனிப் பெட்டியை வீட்டுக்குள் வைத்து, அதே தளத்தின்மேல் இசைத்தட்டையும் சுழலவிடுவோருக்கு, குழாய்க்காலத்து ரேடியோக்காரர் அறியாத பின்னூட்டம் முழு வலிமையோடு வந்து சேர்கிறது. புதுத் தலைமுறை மீண்டும் வினைல் தட்டுகளை நாடும் இந்நாளில் மேல்நாட்டுச் சுவர்ப்பலகை இங்கே பொருள் பெறுகிறது. அறுபது ஆண்டு தாமதம் என்று இதைக் கருதுவது தவறு. அதற்குரிய வீடும் ஒலியும் இப்போதுதான் வந்திருக்கின்றன.

எந்தச் சுவர் என்பதே அடுத்த கேள்வி. கொத்தனார் வழக்கில் ஒன்பது அங்குலச் சுவர் என்பது தளத்தைத் தாங்கும் சுவர். நாலரை அங்குலச் சுவர் அறையைப் பிரிக்கும் தடுப்பு மட்டுமே. நாலரைச் சுவரில் அடித்த பலகை, அடுத்த அறையில் கதவு சாத்தினாலும் அதிரும். ஆகையால் ஒன்பது அங்குலச் சுவரே ஏற்றது. அதிலும் தெருப்பக்கச் சுவரைத் தவிர்ப்பது நலம், ஏனெனில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலைகள் இவை. மேற்குச் சுவரின் கோடை வெப்பம் தட்டுகளுக்கு ஆகாது என்பது பழைய பாடமே. தாங்கியில் பொருத்தும் பலகை கனமாக இருந்தால் நல்லது என்று பலர் எண்ணுவர். ஆனால் சுவர் தன் கனத்தைத் தானே தருகிறது, பலகை இலேசாகவும் விறைப்பாகவும் இருந்தால் போதும். எல் வடிவ இரும்புத் தாங்கிகளின் மேல் ஆணி பூச்சில் நிற்காமல் செங்கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டும். சுரங்கத்தில் வைக்கும் வெடியின் அதிர்வை மட்டும் எந்தப் பலகையும் தடுக்காது. அது அடித்தளத்தின் வழியாகத் தரையையும் சுவரையும் ஒருசேர ஆட்டுவது. வெடிக்கும் நேரத்தில் முள்ளைத் தூக்கிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கரிசலில் கட்டிய வீடுகளுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். கரிசல் மண் கோடையில் காய்ந்து சுருங்கிக் கையகல வெடிப்பு விடும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் குடித்து உப்பும். போதிய ஆழத்தில் அடித்தளம் இறங்காத வீடு அதனோடு சேர்ந்து ஆண்டுக்கொரு முறை மெல்ல மூச்சுவிடுகிறது. சுவரில் மூலைவாட்டில் தோன்றும் கீறல்கள் அதன் தடம். தரையில் நிற்கும் மேசையைக் காலுக்கடியில் அட்டை வைத்து நேராக்கிவிடலாம். சுவரோடு பிணைந்த பலகை சுவர் போகும் பக்கம் போகும். இரண்டு கிராம் எடையுள்ள முள், தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் பள்ளத்தின் ஒரு கரையை மிகுதியாக அழுத்தித் தேய்க்கும். எனவே குன்னம், வேப்பந்தட்டைப் பக்கத்துக் கரிசல் வீடுகளில் சுவர்ப்பலகையின்மேல் இசைத்தட்டு வைப்பவர், தை பிறந்து மண் இறுகிய பின் ஒரு முறையும், சித்திரையில் வெடிப்பு விட்ட பின் ஒரு முறையும், சுழலாத தட்டின்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை கருவியின் கால்திருகுகளைத் திருப்பிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.